தளர்நடைக்கு ஒரு முற்றம்

பிற மண்ணில் ஆசிரியப் பணி. வீட்டிலோ இரண்டு வயதுக் குழந்தை. ஊரார் பிள்ளைகளுக்கு நாம் பாடம் சொல்லும் நேரத்தில் நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? இந்தக் கேள்விக்குத் தாணே மாவட்ட மண்ணிலேயே விடை தேடிய வரலாறு ஒன்று உண்டு.

குழந்தையின் வளர்ச்சியைப் பிள்ளைத்தமிழ் இலக்கியம் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் ஆகியவற்றைக் கடந்து, குழந்தை நடந்து வருவதை 'வருகை' என்றும், அதனோடு விளையாட நிலவை அழைப்பதை 'அம்புலி' என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வைத்தனர். விழுந்தும் எழுந்தும் நடக்கும் அந்த நடைக்குத் தமிழில் 'தளர்நடை' என்ற அழகிய சொல்லும் உண்டு. இந்தப் பருவத்துக் குழந்தையைச் சுற்றிப் பாட்டியும் அத்தையும் சித்தியும் இருந்தார்கள். விழுந்தால் தூக்குவதற்குப் பத்துக் கைகள் இருந்தன. அது நடைபழக வீட்டின் நடுவே ஒரு முற்றம் இருந்தது.

பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து புறப்பட்டுத் தாணேயில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாழும் ஆசிரியத் தம்பதியரின் குழந்தையை எண்ணிப் பார்ப்போம். நிலவு பால்கனிக் கம்பிகளுக்கு அப்பால் தெரிகிறது. பாட்டி கைப்பேசித் திரையில் தெரிகிறார். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் பள்ளிக்குத் தாய் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். தந்தையும் சற்று நேரத்தில் புறப்பட்டாக வேண்டும். வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகளின் பெயரை அறிந்து வைத்திருக்கும் தாய்க்கும் தந்தைக்கும், தம் குழந்தை அந்நேரம் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது. வெளியூரில் பணிபுரியும் எல்லாப் பெற்றோருக்கும் உரிய கவலைதான் இது. எனினும், நாள் முழுவதும் குழந்தைகளோடே இருக்கும் ஆசிரியர்களை இது இன்னும் கூர்மையாகத் தைக்கிறது.

இருப்புப்பாதை சேர்த்துவைத்த ஊர்

இந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடித் தாணேயில் வந்து நின்றது. அன்று முதல் இந்த இருப்புப்பாதையின் ஓரமாகவே வெளியூர்க் குடும்பங்கள் வேர்பிடித்தன. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் தங்கினர். அலுவலகப் பணிக்கு வந்தவர்கள் மாட்டுங்காவில் குடியேறினர். அங்கே 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், பின்னாளில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக விரிந்தது. செம்பூரில் இசைச் சபையும், அருகே சேடா நகரில் முருகன் கோயிலும் எழுந்தன. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் நடத்தும் பள்ளிகளுள் தமிழ்ப் பள்ளிகளும் அடங்கும். இவற்றிலெல்லாம் பணியாற்றத் தமிழ் ஆசிரியர்கள் வந்தவண்ணம் இருந்தனர்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை உயர்ந்தபோது, குடும்பங்கள் அதே பாதையைப் பிடித்துக்கொண்டு முலுண்டுக்கும் தாணேக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்தன. வீட்டின் அளவு சற்றுக் கூடியது, பணியிடம் தொலைவானது. இன்று தாணேயில் குடியிருந்து மாட்டுங்காவில் கற்பிக்கும் ஆசிரியர், நெரிசலான லோக்கல் ரயிலில் நாள்தோறும் போக வர ஒன்றரை மணி நேரமேனும் செலவிடுகிறார். செம்பூருக்குச் செல்பவர் குர்லாவில் வண்டி மாற வேண்டும். இந்த நேரமெல்லாம் குழந்தையின் கணக்கிலிருந்தே கழிகிறது.

மகளோடு ராஜ்கோட்டுக்குச் சென்ற ஆசிரியை

நூறாண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் தாராபாய் மோடக். 1892-இல் பம்பாயில் பிறந்த இவர், 1914-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாக இருந்த காலம் அது. அமராவதியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். 1921-இல் அந்த மணவாழ்க்கை முறிந்தது. சிறு மகளை உடனழைத்துக்கொண்டு ராஜ்கோட்டுக்குச் சென்று, பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். மராத்தி பேசும் குடும்பத்துப் பெண், உற்றார் துணையின்றி, குஜராத்தி வழங்கும் சமஸ்தானத்தில் கைக்குழந்தையோடு பணியாற்றுவது அந்நாளில் எளிதாக இருந்திருக்க முடியாது.

அக்காலத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்னும் வழக்கறிஞர், தம் தொழிலை விட்டுவிட்டு, 1920-இல் சிறு குழந்தைகளுக்காக ஒரு பாலமந்திரை நிறுவியிருந்தார். அச்சமும் அடியும் இன்றி, பாட்டும் கதையும் விளையாட்டுமாகக் குழந்தைகள் கற்ற இடம் அது. தாராபாய் முதல்வர் பதவியை விட்டு அங்கே சென்று சேர்ந்தார். மதிப்பும் ஊதியமும் மிக்க பதவியைத் துறந்து மழலையர் கூடத்துக்குப் போவதைப் பலர் இறக்கமாகக் கருதியிருக்கக்கூடும். ஆனால், இந்திய மழலையர் கல்வியின் திருப்புமுனைகளுள் ஒன்றாக அந்த முடிவு அமைந்தது. இருவரும் சேர்ந்து 1926-இல் நூதன் பால சிக்ஷண சங்கத்தைத் தோற்றுவித்தனர். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்குமாக இதழ் நடத்தினர். பின்னர் பம்பாய் திரும்பிய தாராபாய், மாட்டுங்காவை ஒட்டியுள்ள தாதரில் 1936-இல் 'சிசு விஹார்' என்னும் குழந்தைகள் மையத்தைத் தொடங்கினார்.

போர்டியில் பிறந்த முற்றப் பள்ளி

நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது தாராபாயின் அடுத்த கவலை. 1945-இல், அன்றைய தாணே மாவட்டத்தின் கடற்கரைச் சிற்றூரான போர்டியில் அவர் பாலவாடியைத் தொடங்கினார். அனுதாய் வாக் என்னும் ஆசிரியை அவரோடு இணைந்தார். பதின்மூன்று வயதில் மணமுடிக்கப்பட்டு, விரைவிலேயே கணவரை இழந்து, அதன்பின் படித்து ஆசிரியையானவர் அனுதாய். 2014-இல் பால்கர் தனி மாவட்டமானபோது போர்டியும் அதனுள் சென்றது. எனினும், அந்தப் பணி தாணே மாவட்டத்தின் பெயரோடு பிணைந்தே நிற்கிறது.

முதலில் ஊரின் நடுவே ஒரு மையம் அமைக்கப்பட்டது. ஆனால், ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகள் அங்கே வரவில்லை. தாய்மார் விடியலிலேயே கூலி வேலைக்குச் சென்றுவிடுவர். மூத்த பிள்ளை இளையதைச் சுமக்கும். குளிப்பாட்டித் தலைவாரி மையத்துக்கு அழைத்து வர ஆளில்லை. ஆகவே ஆசிரியைகள் குடியிருப்புக்கே சென்றனர். வீட்டு முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டி, குளிப்பாட்டி, கதை சொல்லி, பாட்டுப் பாடினர். மராத்தியில் 'ஆங்கண்' என்றால் முற்றம்; 'வாடி' என்றால் தோட்டம். முற்றத்தில் நடந்த அந்தப் பாலவாடியிலிருந்துதான், இன்று நாடெங்கும் வழங்கும் 'அங்கன்வாடி' என்ற சொல் வளர்ந்தது.

கற்பித்தல் பொருள்களையும் அவர்கள் விலைகொடுத்து வாங்கவில்லை. கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை ஆகியவற்றைக் கொண்டே எண்ணவும் வகைப்படுத்தவும் கற்பித்தனர். பிறகு கோஸ்பாடு குன்றுப் பகுதியில் வார்லிப் பழங்குடி மக்களிடையே பணியைத் தொடர்ந்தனர். மாடு மேய்க்கும் பிள்ளைகள் பள்ளிக்கு வர இயலாதபோது மேய்ச்சல் வெளிக்கே பள்ளி சென்றது. தம்பி தங்கையைச் சுமக்கும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காக, பள்ளியோடு குழந்தைக் காப்பகமும் இணைக்கப்பட்டது. தாராபாய்க்கு 1962-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அவர் 1973-இல் மறைந்தார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, அங்கன்வாடி நாடு தழுவிய அமைப்பாயிற்று.

குழந்தையால் நம் ஏற்பாட்டுக்குள் வர இயலவில்லை என்றால், ஏற்பாட்டைக் குழந்தை இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்த எளிய உண்மை, போர்டியின் குடிசைகளுக்குப் பொருந்தியது போலவே தாணேயின் அடுக்குமாடிகளுக்கும் பொருந்தும்.

கொடைக்கானலில் ஓர் இத்தாலியர்

தாராபாய், கிஜுபாய் இருவருக்கும் ஊக்கமளித்தவர் மரியா மாண்டிசோரி. அவரது வாழ்க்கையும் அயல்மண்ணில் ஆசிரியப் பணி செய்த கதையே. 1939-இன் இறுதியில், தம் எழுபதாம் வயதை நெருங்கும் நிலையில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவிட்டுத் திரும்புவதே திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்ற வகையில் மகன் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அவரை விடுவித்தது. போர்க்காலத்தில் இருவரும் சுமார் இரண்டாண்டுகள் கொடைக்கானலில் தங்கினர். மரியோவின் நான்கு பிள்ளைகளும் ஹாலந்தில் இருந்தனர். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 1946-இல்தான் அவர்களைக் காண முடிந்தது.

அந்தப் பிரிவு மாண்டிசோரிக்குப் புதியதும் அன்று. திருமணமாகாத தாயாக இருந்ததால், 1898-இல் பிறந்த மரியோவைச் சிறு வயதில் நாட்டுப்புறக் குடும்பமொன்றிடம் வளர்க்கக் கொடுத்திருந்தார். மகன் பதின்பருவத்தை எட்டிய பிறகே தம்முடன் அழைத்துக்கொண்டார். உலகக் குழந்தைகளைப் புரிந்துகொண்டவர், தம் குழந்தையின் தளர்நடையை நாள்தோறும் காணும் பேறு பெறவில்லை. பணியும் குடும்பமும் எதிரெதிரே நின்ற அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொள்ள நமக்குச் சட்டமும் வசதியும் ஓரளவேனும் துணை நிற்கின்றன.

கொடைக்கானலில் மிகச் சிறு குழந்தைகளையும் அருகிருந்து கவனிக்கும் வாய்ப்பு மாண்டிசோரிக்குக் கிடைத்தது. சூழலில் உள்ள மொழி, அசைவு, ஒழுங்கு அனைத்தையும் குழந்தை தன்னை அறியாமலே உள்வாங்கிக்கொள்கிறது என்னும் அவரது கருத்து இந்தியாவில் முதிர்ச்சி பெற்றது. அது குறித்த உரைகள் 1949-இல் சென்னையில் நூலாக வெளிவந்தன. 'குழந்தைக்கு இப்போது என்ன தெரியும்' என்று நாம் அலட்சியமாகக் கடக்கும் வயதில்தான், அது தன் வீட்டையும் ஊரையும் மனிதர்களையும் தனக்குள் கட்டிக்கொள்கிறது.

தாணே வீட்டில் ஒரு நாள்

மும்பை வட்டாரப் பள்ளிகள் பல இரண்டு நேர முறைகளில் இயங்குகின்றன. காலைப் பள்ளி நண்பகலில் முடிய, பிற்பகல் பள்ளி அப்போது தொடங்கும். இதனைப் பயன்படுத்தித் தாய் ஒரு நேரமும் தந்தை மறு நேரமும் பணி ஏற்றுக் குழந்தையை மாறிமாறிப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியக் குடும்பங்கள் உண்டு. குழந்தை தனித்திருப்பதில்லை. ஆனால், கணவனும் மனைவியும் வாயிற்படியில் மட்டுமே சந்திக்கும் நிலை ஏற்பட்டுவிடும். இந்த ஏற்பாட்டைக் கைக்கொள்வோர், வாரத்தில் ஒரு நாளையேனும் மூவரும் சேர்ந்திருக்கும் நாளாக உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாட்டி தாத்தாவை வரவழைப்பது மற்றொரு வழி. இதில் பெரியவர்களின் மனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மொழி தெரியாத ஊரில், லிப்டில் இறங்கிப் போய்ப் பேச ஆளில்லாத குடியிருப்பில், நாள் முழுவதும் ஓடும் குழந்தையின் பின்னால் ஓடுவது எழுபது வயதில் எளிதன்று. மூன்று மாதம் வந்து தங்கி ஊர் திரும்பி மீண்டும் வரும் ஏற்பாடு அவர்களின் உடல்நலத்துக்கும் நன்று. நாகர்கோவில் விரைவு வண்டி போன்ற நெடுந்தூர ரயில்களில் 60 நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்குவதால், பள்ளி விடுமுறையை ஒட்டிய பயணத்தை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி, குழந்தைக் காப்பகம். மராத்தியில் இதற்குப் 'பாளணாகர்' என்று பெயர். 'தொட்டில் வீடு' என்பது பொருள். தாணேயின் குடியிருப்புகளில் இல்லத்தரசியர் தம் வீட்டிலேயே ஐந்தாறு குழந்தைகளை வைத்து நடத்துபவையும் இதில் அடங்கும். சேர்க்கும் முன் முன்னறிவிப்பின்றி ஒரு முறை சென்று பார்ப்பது பயன் தரும். ஒருவர் எத்தனை குழந்தைகளைக் கவனிக்கிறார், தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறதா, குளியலறைக் கதவும் சன்னல் கம்பியும் பாதுகாப்பானவையா, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தனியே வைக்க இடமுண்டா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். முதல் வாரத்தில் குழந்தையோடு நாமும் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்து, பிறகு சிறிது சிறிதாகப் பிரிவது அழுகையைக் குறைக்கும்.

சட்டம் தரும் துணையையும் அறிந்திருப்போம். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் அது வகுத்தது. பணியில் சேரும்போதே இது குறித்து நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டு வைப்பதில் தவறில்லை.

நான்கு மொழிகளின் நடுவே

வீட்டில் தமிழ், காப்பகத்தில் மராத்தி, கீழே விளையாடும் இடத்தில் இந்தி, படப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று தாணேக் குழந்தையின் காதில் நான்கு மொழிகள் விழுகின்றன. 'பாணி வேணும்' என்று அது கைநீட்டும்போது, திரைக்கு அப்பால் இருக்கும் பாட்டி, குழந்தை கேட்பது தண்ணீர் என்று அறியாமல் திகைக்கிறார். பல மொழிகளால் பேச்சு தடைப்படுமோ என்ற அச்சம் பெற்றோரிடம் பரவலாக உண்டு. பன்மொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பதே மொழி வல்லுநர்களின் தெளிவு. ஒரு மொழியில் பத்துச் சொல், மற்றொன்றில் எட்டுச் சொல் என்றால், குழந்தைக்கு எட்டுச் சொல் மட்டுமே தெரியும் என்று எண்ணலாகாது. எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டு வயதாகியும் எம்மொழியிலும் பேச்சு எழவில்லை என்றால் தயங்காமல் குழந்தை மருத்துவரை அணுக வேண்டும்.

மராத்தியைத் தொலைவில் நிறுத்த வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மாநிலப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். காப்பகத்தில் குழந்தை கற்கும் மராத்தி பின்னாளில் கைகொடுக்கும். 'அக்கா', 'அண்ணா' என்னும் அழைப்புகள் மராத்தியிலும் வழங்குகின்றன. தாயைக் குறிக்கும் 'ஆயி' தமிழுக்கும் புதிதன்று. எதிர்வீட்டுப் பாட்டியை 'ஆஜி' என்று அழைக்கும் குழந்தைக்கு அந்த மடியும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் தமிழுக்கு ஒரு நேரத்தை நாம்தான் ஒதுக்க வேண்டும். அதனை வெளியிலிருந்து எவரும் தரமாட்டார். சோறூட்டும் நேரமும் உறங்கவைக்கும் நேரமும் தமிழுக்கே உரியவை என்று வைத்துக்கொள்ளலாம். நிலாவைக் காட்டி ஊட்டுவதற்குப் பால்கனி போதும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காச் சந்தையில் வாழையிலையையும் மல்லிகைப் பூவையும் பெயர் சொல்லிக் காட்டுவதும், சேடா நகர்க் கோயில் படிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏறுவதும் குழந்தைக்குத் தமிழ் வகுப்புகளே. கிளிஞ்சலும் விதையும் போதும் என்று போர்டியில் மெய்ப்பித்துக் காட்டியதை நினைவில் கொண்டால், விலையுயர்ந்த பொம்மைகளின் செலவும் குறையும்.

கணக்கிலும் ஒரு முற்றம்

வெளியூர்க் குடும்பத்துக்கு ஆவணங்கள் ஒழுங்காக இருப்பது மிக இன்றியமையாதது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். ஆகவே குழந்தையின் பிறப்பு தமிழகத்தில் பதிவாகும். 21 நாள்களுக்குள் பதிவு செய்து, பெயரையும் சேர்த்துச் சான்றிதழ் பெற்றுவிட்டே திரும்ப வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலான பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகை இன்றியே ஆதார் பெறலாம். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும்.

பெண் குழந்தை எனில், பத்து வயது நிறைவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாயும் அதிகம் ஒன்றரை லட்சம் ரூபாயும் செலுத்தலாம். 15 ஆண்டுகள் செலுத்தினால் 21 ஆண்டுகளில் முதிர்வடையும். பணி மாற்றத்தால் ஊர் மாறினாலும் கணக்கை நாட்டின் வேறு கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆசிரியக் குடும்பங்களுக்கு ஏற்ற வசதி. மகனாயினும் மகளாயினும் பெற்றோரைக் காப்பாளராகக் கொண்டு பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் தொடங்கலாம். பெற்றோர் கணக்கையும் சேர்த்தே ஒன்றரை லட்சம் ரூபாய் உச்சவரம்பு. வளைகுடா நாடுகளிலோ மாலத்தீவிலோ ஆசிரியப் பணி ஏற்றுப் புறப்படுவோர், தம் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்றுவது குறித்துப் பயணத்துக்கு முன்பே கிளையில் கேட்டறிய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையை எளிதில் எடுக்கத்தக்க வைப்பில் சேர்த்து வைக்க வேண்டும். குழந்தைக்கு உடல்நலம் குன்றும்போது ஒருவர் சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேரிடலாம். காப்பகம் திடீரென மூடப்படலாம். ஊரில் பெரியவர்களுக்கு உடல்நலம் கெடலாம். அத்தகைய நாளில், வேலையா குழந்தையா என்று ஒருவர் நெஞ்சம் பதறாமல் இருக்க அந்தத் தொகை உதவும்.

போர்டியில் தாராபாயும் அனுதாயும் பெரிய கட்டடத்துக்காகக் காத்திருக்கவில்லை. இருந்த முற்றத்தைப் பெருக்கிப் பாய் விரித்துத் தொடங்கினர். நம் குடியிருப்பிலும் ஆசிரியப் பணி செய்யும் குடும்பங்கள் இரண்டோ மூன்றோ இருக்கக்கூடும். ஒருவர் பள்ளி முடிந்து வரும் நேரத்தில் மற்றவர் கிளம்புகிறார் எனில், குழந்தைகளை மாறிமாறிப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.